சொந்த வீட்டுக்கு விருந்தாளி

பிராஹிம் வீட்டு ஆண்கள் கூடத்தில் மிஹானே செய்த தப்பு, ஒரு வாய் காபி குடித்ததுதான்.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. வாசலில் காலணிகளைக் கழற்றினார்கள். வயதில் மூத்த தாஃபில் முதலில் நுழைந்தார், அவர் பின்னால் கல்லூரி மாணவன் சத்ரி, கடைசியாக மிஹானே. கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிராஹிம் எழுந்து மூவருக்கும் கை கொடுத்தார். பயணம் எப்படி இருந்தது, உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சுகமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார். புகையிலைப் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினார். பிறகு காபி வந்தது.

வந்த காரியம் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிராஹிமின் மகனைப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். அதற்குப் பதிலாக அவன் வீட்டு ஆண் ஒருவனைக் கொல்லும் உரிமை பிராஹிம் வீட்டுக்கு உண்டு. அந்த ரத்தத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இவர்கள் வந்திருந்தார்கள். தொண்ணூறாம் வருஷத்து வசந்தத்தில் கொசோவோ முழுக்க இப்படிக் குழுக்கள் கிராமம் கிராமமாக நடந்துகொண்டிருந்தன. சாலைகளில் தலைநகர் பெல்கிரேடு அனுப்பிய டாங்கிகள் நின்றன. ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. திருப்பிக் கல்லெறிய வேண்டாம், வெறுங்கையோடு நிற்போம் என்று மாணவர்கள் முடிவெடுத்தார்கள். நமக்குள்ளே ஒருவரையொருவர் கொல்வதை நிறுத்தாமல் அதை எந்த முகத்தோடு சொல்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. அந்தக் கேள்விதான் இவர்களை இந்தக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

மிஹானே பகலில் ஜாகோவா நகரத்துத் தையற்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். வேலை முடிந்ததும் மாலை வகுப்பு. அங்கே வந்துதான் சத்ரி ஆள் சேர்த்தான். அதுவரை குழுவோடு போன வீடுகளில் அவள் அடுப்படிப் பெண்களிடம் பேசியதோடு சரி, கூடத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. எதையும் முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொள்ளாமல் மிஹானேயால் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது. சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பேருந்திலேயே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி வந்திருந்தாள்: மக்களின் பேரால், இளைஞர்களின் பேரால், கொடியின் பேரால் இந்த ரத்தத்தை மன்னித்துவிடுங்கள். எந்த இடத்தில் மூச்சு விடுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள். காபியைப் பற்றி மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அவள் காபி போட்டே வளர்ந்தவள். நீளக் கைப்பிடி வைத்த செம்புக் கிண்ணியில் நுரை எழும் சமயம் பார்த்து இறக்கி, கோப்பைகளில் ஊற்றி, தட்டைக் கூடத்துக் கதவு வரைக்கும் கொண்டுபோய் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்தக் கோப்பைகள் என்ன ஆகின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெண்கள் அங்கே உட்காருவதில்லை. அடுப்படியில் இருந்த சட்டம் ஒன்றுதான்: கொடுத்ததைக் குடிக்காமல் வைத்தால் போட்டவளுக்கு அவமானம்.

"குடிங்க, ஆறிடப் போகுது," என்றார் பிராஹிம்.

மிஹானே கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைக்கும்போதுதான் மற்ற இரண்டு கோப்பைகளும் விளிம்பு வரைக்கும் நிறைந்தபடியே இருப்பதைக் கவனித்தாள். சத்ரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

பிராஹிமின் முகத்தில் கோபம் வரவில்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"காபி குடிச்சாச்சு. ரொம்ப சந்தோஷம். விருந்தாளியா வந்தீங்க, விருந்தாளியா இருந்துட்டுப் போங்க. வேற பேச்சு வேணாம்."

"பிராஹிம், பொண்ணு புதுசு," என்றார் தாஃபில். "கூடத்துல உக்காந்து பழக்கமில்ல. நாங்க ரெண்டு பேரும் தொடலையே, பாரு."

"ஒரே தட்டுல வந்த காபி, தாஃபில். உனக்கா நான் சொல்லணும்?" பிராஹிம் மிஹானேயின் பக்கம் திரும்பினார். "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

அவள் அப்பா பேரையும் ஊர்ப் பேரையும் சொன்னாள்.

"ஜெனூன் மகளா? சோளக்காட்டுத் தண்ணித் தகராறுல போனானே லுவான், அவன் தங்கச்சியா?"

"ஆமாங்க."

"உங்கப்பா அந்த ரத்தத்தை விட்டுட்டாரா?"

மிஹானே கம்பளத்தைப் பார்த்தாள். "இல்லைங்க."

"அப்படியா," என்றார் பிராஹிம்.  அடுப்படிப் பக்கம் திரும்பி, பிள்ளைகள் பசியோடு வந்திருக்கிறார்கள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவாருங்கள் என்று குரல் கொடுத்தார். அவர் ஏதாவது ஏசியிருந்தால் மிஹானேவுக்கு அந்த ரொட்டி கொஞ்சம் சுலபமாகத் தொண்டையில் இறங்கியிருக்கும்.

பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் மூவரும் சேற்றில் நடந்தார்கள்.

"எத்தனை நாள் அலைஞ்சு கதவைத் திறக்க வச்சோம்," என்றான் சத்ரி. "ஒரே மடக்குல முடிச்சு வச்சிட்டியே தாயே."

"அவளைச் சொல்லாத. நான் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கணும்," என்றார் தாஃபில். "ஒண்ணு கேட்டு வந்தவன், அது கிடைக்கிற வரைக்கும் காபியத் தொடக் கூடாது. கோப்பை நிறைஞ்சிருக்கிற வரைக்கும் வீட்டுக்காரனுக்கு இருப்புக் கொள்ளாது. விருந்தாளியக் காய வைக்கிறோமேன்னு மனசு அடிச்சுக்கும். குடிச்சிட்டா அவனுக்கு விடுதலை."

"எனக்கு யாரும் சொல்லலையே மாமா."

"ஆம்பளைப் பசங்களுக்கும் யாரும் சொல்றதில்ல, பாத்துக் கத்துக்கிறதுதான். பொம்பளைப் பிள்ளை வந்து உக்காருவான்னு யாரு கண்டா? அதான் எனக்கே தோணல."

தாஃபில் சுரங்கத் தொழிலாளி. போன வருஷம் நூற்றுக்கணக்கானவர்களோடு பூமிக்கடியிலேயே உட்கார்ந்து பட்டினி கிடந்தவர். மேலே வந்ததும் வேலை போயிற்று. அதிலிருந்து இருமலும் இந்த நடையும்தான் அவருக்குத் தொழில்.

சத்ரி நின்றான். "உங்க வீட்டுலயே ஒண்ணு கிடக்குன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைச் சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"சேத்திருக்க மாட்டோம்தான்," என்றான் சத்ரி. தாஃபில் இருமினார். அவருக்கு முன்னாலேயே தெரியும் என்று அந்த இருமலிலிருந்து மிஹானே ஊகித்தாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க மாமா," என்றாள் திடீரென்று.

"வரலாம். ஆனா நீ வரக் கூடாது. வீட்டு ஆளு எப்படிக் கேக்குறது? அவளுக்குத்தான் யாரும் காபி குடுக்கப் போறதில்லையே. அப்புறம் எதைக் குடிக்காம உக்காந்திருப்பா?" தாஃபில் விளையாட்டாகத்தான் சொன்னார். தன் பேச்சுக்குத் தானே சிரித்து, இருமி, வாயைத் துடைத்துக்கொண்டார்.

மிஹானே சிரிக்கவில்லை. பேருந்தில் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். தம்பி பெஸ்னிக் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயது. அண்ணன் லுவானின் பழைய கம்பளிச் சட்டை இப்போது அவன் தோளுக்குச் சரியாக இருந்தது.

"சமாதானப் புறா வந்துடுச்சு," என்றான் கோடரியை நிறுத்தாமல். "பிராஹிம் வீட்டுல நல்ல காபியாமே?"

"அதுக்குள்ள இங்க வந்துடுச்சா?"

"டாங்கிக்கு முன்னாலயே வந்துடுச்சு."

எதிர்ச் சந்தில், முந்நூறு அடி தள்ளி, உயரமான மதில் வைத்த வீடு. லுவானைச் சுட்டவன் அந்த வீட்டு மூத்த மகன். அவன் சிறையில் இருந்தான். சிறைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அவன் தம்பி இஸ்மெத் அன்றைக்கு வீட்டுக்குள் போனவன்தான், பிறகு வெளியே தலை காட்டவில்லை. அவர்கள் வயலைப் பெண்களே உழுதார்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் மே மாதத்து வசந்தத் திருநாள் வரைக்கும் கை வைப்பதில்லை என்று மிஹானேயின் அப்பா ஜெனூன் வாக்குக் கொடுத்திருந்தார். திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாக்கு முடிந்த மறுநாள் அந்த வேலை பெஸ்னிக்குடையது.

"பெஸ்னிக், அப்பாகிட்டப் பேசலாம்னு இருக்கேன்."

அவன் கோடரியை மரத்தில் குத்தி நிறுத்தினான். "பேசு. பயத்துக்கு ஒரு நல்ல பேரு கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க, அதை வந்து சொல்லு. பெல்கிரேடுக்காரன் டாங்கி கொண்டாந்தா நீங்க ஜன்னல்ல மெழுகுவத்தி ஏத்துறீங்க. தெருவுல சாவிக்கொத்தை ஆட்டிச் சத்தம் போட்டு எதிர்ப்பு காட்டுறீங்க. பிப்ரவரி மாசத்து ஊர்வலத்துல என் பக்கத்துல நடந்தவன் தோள்ல குண்டு வாங்கினானே, அவன் கையில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒண்ணுமே இல்ல. வெறுங்கை."

"நீ சுட்டா மட்டும்?"

"ஒருத்தனாவது விழுவான்."

"அப்புறம்?"

"அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"லுவானைச் சுட்டவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

"அவனையும் டாங்கிக்காரனையும் ஒரே தராசுல வைக்காத அக்கா!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீருக்காக ஆத்திரத்தில் சுட்டவனும் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து சுடுகிறவனும் ஒன்றல்ல. வெறுங்கை குண்டை நிறுத்தும் என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. தாஃபிலின் பட்டினி எதை நிறுத்தியது? கூட்டங்களில் கைதட்டும்போதுகூட இந்தக் கேள்வி அவளுக்குள் கிடந்து குடைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒன்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. திருநாள் முடிந்ததும் இந்தக் கம்பளிச் சட்டை எதிர்ச் சந்துக்குள் நடக்கும். பிறகு அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவன் இந்தக் கம்பளிச் சட்டையைத் தேடி வருவான்.

"இஸ்மெத்தானே உனக்கு ஆத்துல நீச்சல் கத்துக் குடுத்தான்?" என்றாள்.

பெஸ்னிக் கோடரியைப் பிடுங்கினான். "அந்தப் பேச்ச எடுக்காத," என்றான். அடுத்த வெட்டு கட்டையின் ஓரத்தில் விழுந்து நழுவியது.

அன்று அவள் அப்பாவிடம் எதுவும் பேசவில்லை. மகளாகப் பேசினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் தலையைத் தடவிக் கொடுத்து, 'போம்மா, அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு' என்பார். அதோடு முடிந்துவிடும். அதனால் நகரத்துக்குத் திரும்பி தாஃபிலைப் பார்த்தாள்.

"மாமா, நான் வீட்டு ஆளா வரல. உங்ககூட பஸ்ல வர்றேன். உங்க பின்னால விருந்தாளி வாசல் வழியா நுழையறேன்."

"உங்கப்பா எழுப்பி உள்ள அனுப்பிடுவாரும்மா."

"விருந்தாளியா வந்தவள அவர் எழுப்ப மாட்டார்."

தாஃபில் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "இப்படி யாரும் பண்ணினதில்ல," என்றார். பிறகு, "பண்ணக் கூடாதுன்னும் யாரும் சொன்னதில்ல," என்றார்.

மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் ஜெனூனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மிஹானே தன் வீட்டுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து நுழைந்த அடுப்படிக் கதவைத் தாண்டி நடந்து, கூடத்து வாசலில் காலணியைக் கழற்றினாள். அடுப்படி ஜன்னலில் அம்மா ஹவாவின் முகம் தெரிந்தது, பிறகு மறைந்தது. இந்த இடத்தில் திரும்பி ஓடிவிடலாமா என்று மிஹானே உண்மையாகவே யோசித்தாள். சத்ரி பின்னால் நின்றதால் ஓட முடியவில்லை.

ஜெனூன் எழுந்து நின்றார். தாஃபிலுக்குக் கை கொடுத்தார். அடுத்து மகளைப் பார்த்து நின்றார்.

"உன் இடம் உள்ளம்மா," என்றார் மெதுவாக.

"இன்னிக்கு நான் விருந்தாளி. இவங்களோட வந்தேன்."

 ஜெனூன் தாஃபிலைப் பார்த்தார். தாஃபில் கூரையைப் பார்த்தார். பிறகு ஜெனூன் மகளிடம் கையை நீட்டினார். அவர்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் தாஃபிலை விசாரித்தார், சத்ரியை விசாரித்தார். மிஹானேயின் முறை வந்தது. அவர் ஒன்றைக்கூட விடவில்லை.

"பயணம் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க."

"உடம்பு சுகமா?"

"சுகம்தான்."

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? அப்பா எப்படி இருக்கார்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒத்திகை பார்த்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. "கொஞ்சம் இளைச்சிருக்கார்," என்றாள்.

"வயசாகுதில்ல, இருக்கும். அம்மா?"

"அம்மா சரியாத் தூங்குறதில்ல."

"தம்பி ஒருத்தன் இருக்கான்ல?"

"இருக்கான்," என்றாள் மிஹானே. "திருநாள் வரைக்கும்."

புகையிலைப் பெட்டியைத் தள்ளப் போன கை பாதியில் நின்றது.

அப்போது பெஸ்னிக் தட்டோடு உள்ளே வந்தான். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பை வைத்தான். விருந்தாளிகளுக்கென்று மட்டும் எடுக்கும் தங்க விளிம்புக் கோப்பைகள். சின்ன வயதில் அதில் ஒன்றை உடைத்துவிட்டு மிஹானே வாங்கிய அடி அந்த வீட்டில் பிரசித்தம்.

"பாத்துப் பிடிங்க விருந்தாளியம்மா," என்றான் பெஸ்னிக். "இந்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி ஏற்கெனவே ஒண்ணை உடைச்சிட்டா." சொல்லிவிட்டு வெளியே போகாமல் கதவோரம் நின்றுகொண்டான்.

"குடிங்க," என்றார் ஜெனூன்.

மூன்று கோப்பைகளும் அப்படியே இருந்தன.

தாஃபில் தொண்டையைச் செருமி, எதற்காக வந்தார்களோ அதைச் சொன்னார். நீட்டி முழக்காமல் சொன்னார். ஜெனூன் குறுக்கிடாமல் கேட்டார்.

"தாஃபில், நீ சுரங்கத்துக்குள்ள பட்டினி கிடந்தவன். உன்மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அது உன் வயிறு. நீ குடுத்த. லுவானோட ரத்தம் லுவானோடது. செத்தவன் சொத்தை நான் எப்படி எடுத்துத் தானம் பண்றது?"

சத்ரி "கொடியின் பேரால..." என்று ஆரம்பித்தான். தாஃபில் அவன் முழங்காலில் கை வைத்தார்.

"எனக்குப் பதில் தெரியல ஜெனூன்," என்றார். "நாங்க பட்டினி கிடந்து ஜெயிச்சோமான்னு கேட்டா அதுவும் தெரியல. வேலை போச்சு. நெஞ்சு போச்சு. ஆனா மேல வந்தப்போ என் கையால செத்தவன்னு ஒருத்தனும் இல்ல. அது ஒண்ணுதான் கையில இருக்கு."

"அது போதுமா உனக்கு?"

"சில நாள் போதும். சில நாள் போதல."

ஜெனூன் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. ஆனாலும் அவர் முகம் இளகவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. அக்கா மகன் கல்யாணத்துக்குப் போனேன். ஊரே உக்காந்திருக்கு. எனக்கு மட்டும் காபிய முழங்காலுக்குக் கீழ விட்டு நீட்டினான். ரத்தம் எடுக்காதவனுக்கு அப்படித்தான் குடுக்கணும்னு வழக்கம், அவன்மேல தப்பில்ல. வாங்கிக் குடிச்சேன். அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் நான் போகல. ரத்தத்தை விட்டா அந்தக் காபி என் தொண்டையில இருந்து இறங்குமா?"

 மிஹானே பேச வேண்டிய இடம் இது. மக்கள், இளைஞர்கள், கொடி என்று வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எல்லாச் சொற்களும் வரிசையாக நின்றன. அவளால் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

"தெரியலங்க," என்றாள். "இறங்காமயேகூடப் போகலாம். நான் கொடிக்காகக் கேக்கல. லுவானுக்காகவும் கேக்கல, அவனுக்கு இனிமே எதுவும் வேணாம். காபி எடுத்துட்டு வந்தானே அவனுக்காகக் கேக்குறேன். அவனை எனக்குக் குடுங்க."

கதவோரத்தில் பெஸ்னிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவனை ஒதுக்கியது. ஹவா உள்ளே வந்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அந்தக் கூடத்தைப் பெருக்கியிருக்கிறாள், வெள்ளையடித்திருக்கிறாள். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே வந்ததில்லை. அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கோப்பைகளைப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சே," என்றாள். "வேற போடட்டுமா?"

"இரு ஹவா," என்றார் ஜெனூன்.

"இருக்கத்தான் செய்யறேன். லுவான் ரத்தம் லுவானோடதுன்னு சொன்னீங்க, காதுல விழுந்துச்சு. அவன் ரத்தம் எங்கிருந்து வந்துச்சாம்? பாதி என்னோடது. என் பாதிய நான் போன வருஷமே விட்டுட்டேன். கேட்டு யாரும் வரல, அதான் சொல்லல."

மிஹானே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை வீட்டு அடுப்படிகளில் போய், 'அம்மா, உங்க மனசு என்ன சொல்லுது' என்று முன்பின் தெரியாத பெண்களிடம் கேட்டிருக்கிறாள். சொந்த அடுப்படியில் ஒருநாளும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை என்பது கிடக்கட்டும், அவளே கேட்கவில்லை.

ஹவா வெளியே போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஜெனூன் இடுக்கியை எடுத்துக் கணப்பின் நெருப்பைக் கிளறினார். கிளற வேண்டிய அவசியம் இல்லாத நெருப்பு. பிறகு திரும்பாமலே சொன்னார்:

"குடிங்க."

மிஹானேயின் கை கோப்பை வரைக்கும் போய் நின்றுவிட்டது. பிராஹிமும் இதே சொல்லைத்தான் சொன்னார், இதே அமைதியோடு. தாஃபிலைப் பார்த்தாள். அவரும் அசையவில்லை. அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது.

"எதுக்காகக் குடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "உபசாரத்துக்குன்னா, நான் குடிக்க மாட்டேங்க."

ஜெனூன் திரும்பினார். அவருடைய மீசைக்கடியில் லேசாக ஒரு சிரிப்பு ஓடிப் போயிற்று. "பிராஹிம் வீட்டுல சூடு பட்டவ ஜாக்கிரதையாத்தான் இருக்கா," என்றார். பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். "லுவானோட ரத்தத்தை விட்டுட்டேன். என் பாதியும் சேத்து. கேட்டது கிடைச்சாச்சு. குடி."

மிஹானே நின்றபடியே குடித்தாள். காபி சில்லிட்டுக் கிடந்தது. நாக்கில் பட்டதும் அவள் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். லுவான் போனதிலிருந்து அந்த வீட்டில் கசப்புக் காபிதான், துக்க வீட்டில் சர்க்கரை போடுவதில்லை. இது இனித்தது. கூடத்தில் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே, அடுப்புக்கு முன்னால் நின்று ஹவா சர்க்கரை டப்பாவைத் திறந்திருக்கிறாள்.

தாஃபில் தன் கோப்பையைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார். அவர் கண்ணையும் துடைத்ததைச் சத்ரி பார்க்காத மாதிரி இருந்தான். "இனிமே பிராஹிம் வீட்டுக்குப் போனா நீதான் முன்னால நுழையணும்," என்றார் மிஹானேயிடம்.

"இஸ்மெத்தக் கூட்டிட்டு வரணும்," என்றார் ஜெனூன். "கை குடுத்தாத்தான் முடிஞ்சதா அர்த்தம். பெஸ்னிக், நீ போ."

பெஸ்னிக் கதவோரத்திலிருந்து அசையவில்லை. "நானா?"

"வேற யாரு? நீ போனாத்தான் அவன் நம்புவான்."

"நான் போனாத்தான் அவன் கதவைப் பூட்டுவான்," என்றான் பெஸ்னிக். ஆனால் காலணியை மாட்டத் தொடங்கினான்.

மிஹானேயும் கூடவே கிளம்பினாள். பக்கத்தில் ஒரு பெண் நடந்தால் ஆணை யாரும் சுடுவதில்லை, அவனும் சுடுவதில்லை. அது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"நீ எதுக்கு வர்ற?" என்றான் முற்றத்தில். "அவன் என்னைச் சுடாம இருக்கவா, நான் அவனைச் சுடாம இருக்கவா?"

"ரெண்டுக்கும்தான். இடுப்புல என்ன இருக்கு?"

"எப்பவும் இருக்கிறதுதான்."

மிஹானே நின்றுவிட்டாள். அவன் கொஞ்ச தூரம் நடந்து போய், அவள் வரவில்லை என்று திரும்பிப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குள் போனான். திரும்பி வந்தபோது கம்பளிச் சட்டை இடுப்பில் தட்டையாக ஒட்டியிருந்தது.

"இஸ்மெத்துக்குக் காபி, சரி," என்றான் சந்தில் நடக்கும்போது. "நாளைக்குப் போலீஸ்காரனுக்கும் காபி குடுன்னு வந்து நிக்காத."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லுவ. நீங்க எல்லாரும் சொல்லுவீங்க. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா."

"சரி, அதைப் பத்தி நாளைக்குச் சண்டை போடலாம்."

"போடத்தான் போறேன்."

  இரண்டு பேரும் மதில் வைத்த வீட்டின் முன்னால் நின்றார்கள். பெஸ்னிக் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டான். கதவைத் தட்டாமல் குரல் கொடுத்தான்.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"பெஸ்னிக்."

உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"நான் மிஹானே, நானும் கூட இருக்கேன்," என்று அவள் உரக்கச் சொன்னாள். "அப்பா ரத்தத்தை விட்டுட்டார். இஸ்மெத்தக் காபி குடிக்கக் கூப்பிடுறார்."

 பிறகு தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின. கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. இஸ்மெத் நின்றான். இருட்டறையில் கிடந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு போல வெளுத்திருந்தான். வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெஸ்னிக்கையே பார்த்தான். அந்தக் கைகளை முதலில் பார்த்தான், பிறகு முகத்தை.

"என்னடா இவ்வளவு வளந்துட்ட," என்றான்.

"நீ சுண்ணாம்பாட்டம் வெளுத்துட்ட," என்றான் பெஸ்னிக். 

"ஆத்துல தண்ணி எப்படி இருக்கு?"

"பனி உருகி வருது. காலை வச்சா விறைச்சிடும்."

பெஸ்னிக் கையை நீட்டினான். இஸ்மெத் அதைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. ஆனால் வாசற்படியைத் தாண்டவும் இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு.

"பூட்ஸ் போடணும்," என்றான். "எங்க வச்சேன்னு தெரியல. ரொம்ப நாளாச்சு."

உள்ளே பெண்கள் ஓடும் சத்தம் கேட்டது. எதையோ திறந்தார்கள், எதையோ கீழே போட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே இன்னொருத்தியை ஏசினாள்.

"தேடச் சொல்லு," என்றான் பெஸ்னிக். "நாங்க நிக்கிறோம்."